பதினொரு பேர் படுத்த அறை

"டெல்லி ரோஹித், கல்கத்தா சுப்ரதா, ஹைதராபாத் டாக்டர் ஒருத்தர். மொத்தம் பதினொரு பேருங்க அம்மணி. அதுல யாருக்கெல்லாம் கூரை ஒழுகுச்சோ, அத்தனை பேருக்கும் இடது கால்லதான் சொட்டியிருக்குது" என்றார் மாரப்பன்.

ஜீப் பாம்பாடும் சோலையைத் தாண்டி வட்டவடைக்கு இறங்கிக்கொண்டிருந்தது. பிரதீபா அவர் கையிலிருந்த, ஹோம்ஸ்டே விமர்சனங்களை அச்செடுத்த தாள்களை வாங்கிப் பார்த்தாள்.

"வலது கால்ல ஒருத்தருக்குக்கூட இல்லீங்ளாண்ணா?"

"இல்லீங்க. இந்தியாவே ஒரே பக்கமா காலை நீட்டிப் படுத்திருக்குது."

பிரதீபா சட்டம் படித்தவள். கோர்ட்டில் நின்று வாதாடுவதைவிட, கோர்ட்டுக்கு வராமல் ஓடுகிறவர்களைத் தேடிப் பிடிப்பது சுவாரசியமாக இருந்ததால் கொழிஞ்சாம்பாறையில் ஒரு மாடி அறை எடுத்து, துப்பறியும் அலுவலகம் என்று போர்டு மாட்டியிருந்தாள். மாரப்பன் அவளுடைய ஒரே சிப்பந்தி. அறுபதை நெருங்குகிறவர். வாளையார் செக்போஸ்ட் பக்கத்தில் இருபது வருஷம் லாரிக்காரர்களுக்குச் சரக்குப் படிவம் எழுதிக் கொடுத்தவர். எந்தத் தாளில் பொய் இருக்கிறது என்பதைத் தொட்டுப் பார்த்தே சொல்வார். எழுதியதில் பாதி அவருடைய பொய்தான் என்பதால் அந்தத் திறமை வந்ததாக அவரே ஒப்புக்கொள்வார்.

"இன்னொண்ணு பாருங்க" என்று ஒரு வரியில் விரலை வைத்தார். "கோல்ட் இஸ் கில்லிங் அண்ட் டேக்கிங். டெல்லிக்காரரு எழுதினதுங்க. எனக்கு இங்கிலீஷ் தெரியாதுன்னு ஊருக்கே தெரியும். எனக்கே இது புரியுதுன்னா, இது இங்கிலீஷ் இல்லீங்க."

"குளிர் கொன்னு எடுக்குது" என்றாள் பிரதீபா.

"அதேதானுங்க. கல்கத்தா அம்மா இன்னும் மேலே போயிருக்குது. கோட் ஏட் மை பிளாங்கெட். ஆடு கம்பளியைத் தின்னுபோட்டுதாமா."

விவகாரம் இதுதான். வட்டவடையில் முருகேஸ்வரி என்ற அம்மாள் 'மலைச்சாரல் ஹோம்ஸ்டே' நடத்துகிறாள். மூன்று அறை. கேரட் தோட்டத்தைப் பார்த்த ஜன்னல். போன வருஷம் வரை நான்கே முக்கால் நட்சத்திரம். அதற்குப் பிறகு மாதம் ஒன்றாக ஒற்றை நட்சத்திர விமர்சனங்கள் வந்து விழ ஆரம்பித்தன. இப்போது இரண்டே முக்கால். மூன்றுக்குக் கீழே போனவர்களை வரும் ஒன்றாம் தேதி முதல் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவோம் என்று புக்கிங் கம்பெனி மின்னஞ்சல் அனுப்பியிருந்தது. மலையில் கடை விரித்திருக்கிற ஆளுக்கு அந்தப் பட்டியல்தான் கடைவீதி. அதிலிருந்து எடுத்தால் ரோட்டிலிருந்து எடுத்த மாதிரி.

தேவிகுளம் வக்கீல் கோமதிதான் பிரதீபாவைக் கூப்பிட்டிருந்தாள். காலையில் போனில் நிலவரத்தைச் சொன்னாள்.

"கம்பெனிக்கு மூணு தடவ எழுதிட்டேன். விமர்சனங்கள் எங்கள் விதிகளுக்கு உட்பட்டவைன்னு பதில் வருது. எழுதினது யாருன்னு கோர்ட் உத்தரவு இல்லாமச் சொல்ல மாட்டாங்களாம். உத்தரவு வாங்க வழக்கு போடணும். வழக்கு போட எதிராளி பேரு வேணும். பேரு வேணும்னா உத்தரவு வேணும்."

"நல்லா வட்டமா இருக்கே."

"அவதூறுக்கு ஒரு வருஷம்தான் கெடு. முதல் விமர்சனம் வந்து நாளையோட ஒரு வருஷம் முடியுது. எல்லாரும் படிக்கிறது அதைத்தான். அதனால நாளைக்கு அசோக் குமார் மேல போட்டுடறேன்."

"அது யாருங்க?" என்று மாரப்பன் குறுக்கே கேட்டிருந்தார்.

"யாருமில்ல. ஆள் யாருன்னு தெரியாதப்போ கோர்ட்டுல வைக்கிற பேரு. பின்னாடி நிஜப் பேரு கிடைச்சா மாத்திக்கலாம். கிடைக்க மாசக்கணக்காகும். அதுக்குள்ள ஹோம்ஸ்டே இருக்காது. நீங்க நாளைக்குள்ள கண்டுபிடிச்சுக் குடுத்தா நேரா ஆளு மேலயே போடுவேன். நஷ்ட ஈடு, தடை உத்தரவு, எல்லாம் கேட்கலாம்."

"பொறக்காமலே கேஸ் வாங்கின ஒரே ஆளுங்க அந்த அசோக் குமார்" என்று மாரப்பன் அனுதாபப்பட்டார்.

முருகேஸ்வரி வாசலிலேயே நின்றிருந்தாள். ஐம்பது வயதிருக்கும். கொண்டையை இறுக்கி முடிந்து, புடவை முந்தியை இடுப்பில் செருகியிருந்தாள். வந்தவர்களின் செருப்பைத்தான் முதலில் பார்த்தாள். இருவரும் கழற்றிய பிறகுதான் "வாங்க" என்றாள்.

அறைகளை அவளே திறந்து காட்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று கதவில் பித்தளை எண். கான்கிரீட் தளம். ஒழுகிய தடம் எங்கும் இல்லை. பிரதீபா குனிந்து தலையணையை முகர்ந்தாள். சோப்பு வாசனை. விமர்சனங்களில் ஆறு பேருக்குத் தலையணையில் பூண்டு நாற்றம். நான்கு பேருக்கு விளக்கு சுவிட்ச் அறைக்கு வெளியே இருந்தது. இங்கே கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருந்தது.

"தெனமும் ரெண்டு தடவ துடைக்கிறேன். ஆடு உள்ள வந்துச்சாம். இந்தப் படிய ஏறி, பூட்டுன கதவத் தொறந்து, கம்பளியத் தின்னுட்டுப் போச்சாம். எழுதுன கைய என்னன்னு சொல்ல?" என்றாள் முருகேஸ்வரி.

"பதில் போட்டிருக்கீங்களே அக்கா, எல்லாத்துக்கும்."

"போடாட்டி திமிருன்னு நெனப்பாகன்னு எம் மக சொன்னா. ஆர்த்தி, கோயம்புத்தூர்ல படிக்கிறா. நான் தமிழ்ல சொல்லுவேன், அவ இங்கிலீஷ்ல அடிச்சு விட்ருவா."

மாரப்பன் ஒரு பதிலை நீட்ட, பிரதீபா தமிழாக்கிப் படித்தாள். "மதிப்பிற்குரிய விருந்தினரே, நீங்கள் பட்ட சிரமத்தை நினைத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை. தவறு என்னுடையது. அடுத்த முறை வாருங்கள். வெந்நீர் நானே கொண்டுவந்து வைப்பேன்."

"பொய்யனுக்கு இம்புட்டு மரியாதை" என்றாள் முருகேஸ்வரி. "வயித்தெரிச்சலோடதான் சொன்னேன்."

அவள் கணவர் பாண்டித்துரை டீ கொண்டுவந்தார். முன்பு மூணாறுக்கு ஜீப் ஓட்டியவர். உயரமான ஒல்லி உடம்பு, கழுத்தில் மப்ளர். இரண்டு தம்ளரை வைத்துவிட்டுத் திரும்பினார்.

"ஏங்க, பிஸ்கட்டு யாரு கொண்டாறது? வாயில சொன்னாத்தான் கை போகுமா?" என்றாள் முருகேஸ்வரி.

பிஸ்கட் வந்தது.

பிரதீபா கோமதி அனுப்பியிருந்த மனுவின் நகலை மேஜையில் விரித்தாள். 'முருகேஸ்வரி, வாதி. அசோக் குமார், பிரதிவாதி' என்று மேலே கொட்டை எழுத்தில் இருந்தது.

"யாரு இந்த எடுபட்ட பய?" முருகேஸ்வரியின் குரல் ஏறியது. "எந்த ஊரு?"

விளக்கம் சொல்லாமல் பிரதீபா எழுந்தாள். "விசாரிச்சுட்டு வர்றோம் அக்கா."

முருகேஸ்வரிக்குச் சந்தேகம் ஒரே ஆள் மேல்தான். மேட்டில் பன்னிரண்டு அறை ரிசார்ட் வைத்திருக்கும் ஜோமோன். இருவரும் அங்கே ஏறிப் போனபோது அவன் நீச்சல்குளத்தில் விழுந்த யூகலிப்டஸ் இலைகளை வலையால் அள்ளிக்கொண்டிருந்தான். பன்னிரண்டு டிகிரி குளிரில் அந்தக் குளத்தில் இலைகள் மட்டும்தான் குளிக்கின்றன.

"ஞானா? நான் எதுக்கு சேச்சி அவங்க மேல எழுதணும்?" ஜோமோனுக்கு ரோஷம் வந்து, தமிழுக்குள் மலையாளம் புகுந்துவிட்டது. "அவங்க மூணு ரூம் நெறஞ்சா மிச்சம் ஆளு எங்கிட்டதான் வரும். போன வருஷம் என்னோட பாதி பிசினஸ் அவங்க அனுப்பினது. இப்போ அவங்களுக்கே ஆளில்ல. எனக்கு நஷ்டம்."

மாரப்பன் மனுவின் இன்னொரு நகலை நீட்டினார். ஜோமோன் படித்துவிட்டு நெற்றியைச் சுருக்கினான்.

"ஆரா இந்த அசோக் குமார்? மூணாறுகாரனா?"

கீழே ஜீப் ஸ்டாண்டில் நான்கு டிரைவர்கள் இருந்தார்கள். மனுவைக் காட்டியதும் நான்கு பேரும் ஆளுக்கொரு அசோக் குமாரைச் சந்தேகப்பட்டார்கள். ஒருவர் மறையூர் அசோக் குமார் என்றார். அவர் செத்து மூன்று வருஷம் ஆகிறது என்றார் இன்னொருவர். டீக்கடைக்காரர் ஒருபடி மேலே போய், அசோக் குமார் என்ன ஆளுங்க என்று சாதி விசாரித்தார்.

"இல்லாத மனுசனுக்கு ஊரு, சாவு, சாதி எல்லாம் குடுத்துட்டாங்க. இன்னும் அரை மணி நேரம் நின்னா ரேஷன் கார்டே வாங்கிக் குடுத்துருவாங்க" என்றார் மாரப்பன்.

மழை பிடிப்பதற்குள் திரும்பினார்கள். முருகேஸ்வரி அடுக்களையில் இருந்தாள். பிரதீபா விரித்துவிட்டுப் போன மனுவின் நகல் மேஜையிலேயே கிடந்தது. ஓரத்தில் டீக்கறை விரல் ஒன்று பதிந்திருந்தது. தம்ளர்களை எடுக்க வந்த பாண்டித்துரை, "மழை வலுக்கப் போகுது. பொழுதோட கிளம்பிருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

பிரதீபா அந்த விரல் அடையாளத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"மாரப்பண்ணா, இன்னைக்கு எத்தனை பேருகிட்ட இதைக் காட்டினோம்?"

"இந்த அம்மா, ஜோமோன், டிரைவருங்க நாலு பேரு, டீக்கடை. ஏழுங்க."

"ஏழு பேரும் என்ன கேட்டாங்க?"

"அசோக் குமார் யாருன்னு கேட்டாங்க. வேற என்னத்தைக் கேப்பாங்க?"

"எட்டாவது ஒருத்தரு இதை எடுத்துப் படிச்சிருக்காரு. சொந்தப் பொண்டாட்டி யாரோ ஒருத்தன் மேல கேஸ் போடறா. அவன் யாருன்னு அவரு கேக்கலை."

மாரப்பன் தலையைச் சொறிந்தார். "கேக்காதவருக்கு ஏற்கெனவே தெரியும்ங்கறீங்க."

"அசோக் குமார்னு ஒருத்தன் எழுதலைங்கறது எழுதினவனுக்கு மட்டுந்தான் தெரியும்."

"அப்புறம் அந்தச் சொட்டு? ஆடு? அதெல்லாம் எங்கீங்க இருக்குது?"

"அதைத்தான் பாக்கப் போறோம். மூணு ரூமும் வாடகைக்கு விட்டா வீட்டுக்காரங்க எங்க படுப்பாங்கன்னு நாம யோசிக்கவே இல்ல."

வீட்டுக்குப் பின்னால் பூண்டு காயப்போடும் தகரக் கொட்டகை. சுவிட்ச் வெளிச்சுவரில் இருந்தது. பிரதீபா அதைத் தட்டிவிட்டு உள்ளே நுழைந்தாள். கூரையிலிருந்து கொத்துக் கொத்தாகப் பூண்டு தொங்கியது. மூலையில் ஒரு வெள்ளாடு கட்டியிருந்தது. அதன் எதிரே ஒரு நாடாக் கட்டில், மடித்து வைத்த கம்பளி. கம்பளியின் ஒரு மூலை இல்லை. ஆடு அவர்களை நிதானமாகப் பார்த்தது.

பிரதீபா கட்டிலில் ஏறி நீட்டிப் படுத்தாள். தகரத்தில் மழை இரைந்தது. சிறிது நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அவள் இடது கால் பெருவிரலில் ஒரு சொட்டு விழுந்தது.

"பன்னெண்டாவது விமர்சனத்தை நீங்களே போட்டுரலாங்க அம்மணி" என்றார் மாரப்பன்.

வாசலில் நிழல் தட்டியது. பாண்டித்துரை நின்றுகொண்டிருந்தார். ஓடவோ மறுக்கவோ இல்லை. ஆட்டின் பக்கத்தில் கிடந்த முக்காலியில் உட்கார்ந்தார்.

"போனுல தமிழ்ல பேசுனா அதுவே இங்கிலீஷ் ஆக்கிக் குடுக்குது" என்றார். "மொதல்ல ரெண்டு ரூம்தான் விட்டோம். போன வருசம் நாங்க படுக்குற ரூமுக்கும் மூணுன்னு நம்பர் அடிச்சுட்டா. ஒரு வார்த்த கேக்கல. சாயங்காலம் தோட்டத்துலருந்து வாரேன், என் தலகாணி இங்க கிடக்கு. அன்னைக்குக் கோவத்துல ஒண்ணு எழுதுனேன்."

"ஒண்ணோட நிறுத்தியிருக்கலாமே. மிச்சம் பத்து எதுக்கு?" என்று கேட்டாள் பிரதீபா.

அவர் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். விமர்சனங்களை அவர் காட்டவில்லை. கீழே வந்த பதில்களைக் காட்டினார். ஒவ்வொன்றையும் திரும்பத் தமிழாக்கிச் சேமித்து வைத்திருந்தார். தவறு என்னுடையது. உங்களை நினைத்தால் தூக்கம் வரவில்லை. வெந்நீர் நானே கொண்டுவந்து வைப்பேன்.

"இருபத்தெட்டு வருசம் ஆச்சு கல்யாணமாகி" என்றார். "தப்பு என் பேர்லதான்னு அவ ஒரு தடவ சொன்னதில்ல. டெல்லிக்காரனுக்குச் சொன்னா. அதான் கல்கத்தாக்காரனாவும் எழுதிப் பாத்தேன். அதுக்கும் சொன்னா."

மாரப்பன் தாள்களைப் புரட்டினார். "கல்கத்தா பொம்பளைங்க. ஆம்பளை இல்லீங்க" என்றார்.

"அது தெரியாமப் போச்சு."

கோமதியிடமிருந்து போன் வந்தது. பிரதீபா ஒலிபெருக்கியில் போட்டாள்.

"பேரு கிடைச்சுதா?"

"கிடைச்சுது. ஆனா ஒரு சிக்கல். அவரு எழுதினது அத்தனையும் உண்மை."

"என்ன உண்மை? கூரை ஒழுகுதா?"

"ஒழுகுது. சுவிட்ச் வெளியதான் இருக்கு. ஆடும் பக்கத்துல நிக்குது. ரூம்தான் வேற."

கோமதி மேஜையில் பேனாவைத் தட்டும் சத்தம் கேட்டது. "எழுதினது உண்மைன்னா அவதூறு நிக்காது. ஆனா காசு குடுத்துத் தங்கின விருந்தாளின்னு சொன்னது பொய். அந்த ரூமை இந்த ரூமுன்னு நம்ப வச்சதும் பொய். அதை வச்சு இழுக்கலாம். ஆளு யாரு?"

"வாதியோட வீட்டுக்காரரு."

பேனா நின்றது. "நான் மத்தியானம் இன்னும் சாப்பிடலை" என்று சொல்லிவிட்டு கோமதி போனை வைத்துவிட்டாள்.

"சாப்பிட வேண்டாம்னு யாரும் சொல்லலையே" என்று வெளியிலிருந்து ஒரு குரல் வந்தது.

முருகேஸ்வரி. தலையில் சாக்கை மடித்துப் போட்டுக்கொண்டு மழையில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. சாக்கு முழுக்க நனைந்திருந்தது. பாண்டித்துரை எழுந்து நின்றார். எழுந்த வேகத்தில் முக்காலி சாய்ந்தது.

அவள் உள்ளே வந்து கட்டிலைப் பார்த்தாள். கம்பளியை எடுத்து, ஆடு தின்ற மூலையை விரலால் தடவினாள். அண்ணாந்து ஒழுகும் இடத்தைப் பார்த்தாள். கணவரை மட்டும் பார்க்கவில்லை.

"ஒரு வருசமா ஒழுகுதா?"

"ம்."

"வாய் இல்லையா உங்களுக்கு? ஊரு ஒலகத்துக்குச் சொல்லத் தெரியுது. பத்தடி தள்ளி இருக்குற எனக்குச் சொல்ல முடியல."

"உங்கிட்டச் சொன்னா நீ பதில் சொல்லுவியா? ஏசுவ."

அது அவளுக்குச் சுருக்கென்று பட்டது முகத்தில் தெரிந்தது. ஆனால் அடுத்த கணமே நிமிர்ந்துவிட்டாள்.

"சரி. நான் எங்க படுக்குறேன்னு தெரியுமா?"

"அடுக்களையில."

"அடுப்புக்கும் அரிசி மூட்டைக்கும் நடுவுல. கால நீட்டுனா கதவு இடிக்கும். வர்ற விருந்தாளி கட்டில்ல படுத்துருக்கான். நான் தரையில கெடக்கேன். காலையில நாலு மணிக்கு எந்திரிச்சு வெந்நீ வைக்கிறது யாரு? உங்களுக்குச் சொட்டுச்சு, ஒரு ஸ்டாரு குடுத்துட்டீக. நான் யாருக்குக் குடுக்க? எம் பேரையே நான் எழுதிக்கிடவா?"

மாரப்பன் பூண்டுக் கொத்துகளை எண்ணுவதில் மும்முரமானார்.

பிரதீபாதான் பேச வேண்டியிருந்தது. "அக்கா, வழக்கு போட்டா ஜெயிக்கலாம், தோக்கலாம். எப்படிப் போனாலும் நாலு வருஷம் ஆகும். ஒண்ணாம் தேதிக்கு இன்னும் எட்டு நாள்தான் இருக்கு. அவரே பதினொண்ணையும் எடுத்துட்டு, நான்தான் எழுதினேன், விருந்தாளி இல்லைன்னு ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுக்கட்டும். அதைக் கோமதி மேடம் கம்பெனிக்கு அனுப்பிடுவாங்க. அதுதான் சீக்கிரம்."

முருகேஸ்வரி முக்காலியை நிமிர்த்தி அதில் உட்கார்ந்துகொண்டாள். "என் கண்ணு முன்னாடி எடுக்கணும். ஒவ்வொண்ணா."

பாண்டித்துரை கட்டில் விளிம்பில் உட்கார்ந்து போனைத் திறந்தார். ரோஹித் போனான். சுப்ரதா போனாள். ஹைதராபாத் டாக்டர் மட்டும் ரகசிய எண் கேட்டு முரண்டு பிடித்தார்.

"பதினொண்ணுக்கும் ஒரே பாஸ்வேர்டுதான்" என்று பாண்டித்துரை முணுமுணுத்தார். "இதுக்கு என்ன கேடு?"

"என்ன பாஸ்வேர்டு?" என்றாள் முருகேஸ்வரி.

"பழைய ஜீப்பு நம்பரு."

"அதானே" என்றாள் அவள்.

நான்கு மணிக்கு மழை விட்டபோது பதினொன்றும் போயிருந்தன. இரண்டே முக்கால் நான்கே முக்காலாகத் திரும்பியதை அந்த அம்மாள் தன் போனில் மூன்று முறை பார்த்து உறுதி செய்துகொண்டாள். மாரப்பன் ஒப்புதல் கடிதத்தைத் தன் கையெழுத்திலேயே எழுதினார். இத்தனை வருஷத்தில் முழுக்க உண்மையாகத் தான் எழுதும் முதல் தாள் அது என்று சொன்னார். பாண்டித்துரை கையெழுத்திட்டார்.

எல்லோரும் வீட்டுக்குள் வந்தார்கள். முருகேஸ்வரி ஆணியில் தொங்கிய சாவிகளில் ஒன்றை எடுத்துக்கொண்டாள். அடுக்களைக்குள் போய், ஒரு பாயையும் துணி மூட்டையையும் தூக்கிவந்து மூன்றாம் எண் அறையின் கதவைத் திறந்தாள்.

"இந்த ரூம் இனிமே வாடகைக்கு இல்ல" என்றாள். "ஆர்த்திகிட்டச் சொல்லி எடுத்துறணும்."

உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்து காலை நீட்டினாள். கால் எங்கும் இடிக்கவில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். 

பாண்டித்துரை கொட்டகைக்குப் போய்த் தலையணையை எடுத்துவந்து வாசலில் நின்றார். பூண்டு வாசனை அவருக்கு முன்னால் அறைக்குள் நுழைந்தது.

"அப்ப நானு?" என்று கேட்டார்.

அவள் கண்ணைத் திறக்காமலே சொன்னாள். "புக் பண்ணிட்டு வாங்க."

பாண்டித்துரை தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனை எடுத்தார்.